பதினொரு யூரோ நாற்பது சென்ட்

இன்கேரிக்கு ஆய்வகத்தில் இரவுப் பணி.
வெளியே ஓவுலு நகரத்து நவம்பர்,
மூன்று மணிக்கே கடையைக் கட்டிவிட்ட வெயில்.
தன் மடிக்கணினி ஆமையாய் ஊர்கிறதென்று
ஒரு மாதமாய் முணுமுணுத்தாள்.
உதவலாமென்றுதான்.
சத்தியமாய், உதவலாமென்றுதான்.

இலவச மென்பொருள். அதன் சின்னம் ஒரு துடைப்பம்.
வரிசையாய்ச் சின்னச் சின்னக் கட்டங்கள்,
எல்லாவற்றிலும் எனக்கு முன்பே யாரோ டிக் போட்டிருந்தார்கள்.
குப்பைக் கோப்பு, தற்காலிகக் கோப்பு, குக்கீ,
கடைசிக்கு முந்தையதில் என்ன எழுதியிருந்தது என்று
இப்போது கேட்காதீர்கள்.

நான்கு ஜிபி மீண்டது என்று
திரை என்னைப் பாராட்டி
வண்ணக் காகிதம் வேறு தூவியது.
விளக்கை அணைத்துவிட்டு
நல்லவனாய்த் தூங்கினேன்.

காலை ஏழரைக்கு வந்தாள், பூட்ஸில் பனியோடு.
மின்னஞ்சலைத் திறந்தாள்.
வெற்றுக் கட்டம்.
வங்கியைத் திறந்தாள்.
வெற்றுக் கட்டம்.
என் பக்கம் திரும்பவேயில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

நூற்றுப் பதினாறு கணக்குகள்.
ஒன்பது வருடமாய் உலாவிதான்
அவளுக்குப் பதிலாய் நினைவு வைத்திருந்தது.
அவளுக்கு நினைவிருந்ததெல்லாம்
கறுப்புப் புள்ளிகள், எட்டோ பத்தோ.

மறந்துவிட்டீர்களா? மறந்துவிட்டீர்களா?
ஒவ்வொரு வாசலிலும் அதே விசாரிப்பு,
ஏதோ தவறு அவளுடையது போல.

பிறகு ரகசியக் கேள்விகள்.
முதல் செல்லப்பிராணியின் பெயர்?
முர்ரி என்று தட்டினாள். தவறு.
பூனை முர்ரிதான், என்றாள் என்னிடம்.
உண்மையைச் சொன்னால் திருடிவிடுவார்கள் என்று
யாரோ சொல்லக் கேட்டு
அன்றைக்கு ஒரு பொய்யை எழுதி வைத்தேன்.
என்ன பொய்?
பதிலுக்கு அவள் பார்த்த பார்வையை
இங்கே எழுத முடியாது.
அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர்: மெய். ஆகவே தவறு.
பிறந்த ஊர்: மெய். தவறு.
தன் வாழ்க்கையைத் தானே ஒப்பித்து
ஒவ்வொரு பாடத்திலும் தோற்றுக்கொண்டிருந்தாள்.

இடையில், நீ மனிதர்தானா என்றொரு சந்தேகம்.
போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடச் சொன்னது.
கம்பமும் விளக்கில் சேர்த்தியா?
இரவெல்லாம் ரத்தக்குழாய்களுக்கு எண் ஒட்டிய கண்கள்
சேர்த்தி என்றன.
இல்லையாம்.

ஞாயிறு மாலைக்குள் தொண்ணூறு மீண்டன.
மற்றவை தேவையே இல்லையென்று தெரிந்தது:
மூடிப்போன செருப்புக் கடை,
கனவுக்குப் பலன் சொல்லும் தளம்,
என்னைச் சந்திக்கும் முன்
அவள் வரன் தேடிய இடம்.
இதை மட்டும் உன் துடைப்பம் சரியாய்ப் பெருக்கியது, என்றாள்.
இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

கடைசியாய் ஒன்று பாக்கி.
பழைய பேருந்து அட்டை.
நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்குக்
குறியீடு அனுப்பிவிட்டோம் என்றது.
அந்த எண்ணை அவள் விட்டு ஆறு வருடமாகிறது.
விட்டுவிடு, என்றேன்.
ஆனால் அந்த ஒன்றுதான்
அவளுக்கு மனப்பாடமாய்த் தெரிந்தது.
அழுத்தினாள்.

எடுத்தவர் பெயர் ஹான்னு.
கெமியார்விக்கு அப்பால் ஏதோ ஒரு சாலையில்
பனி வாரும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.
ஆமாம், இப்போதுதான் ஆறு இலக்கம் வந்தது.
நீங்கள் ஏமாற்றுக்காரியா?
இல்லை, என்றாள்.
ஏமாற்றுக்காரியும் அதைத்தான் சொல்வாள், என்றார்.
கொஞ்ச நேரம் இரும்பு தரையைச் சுரண்டும் சத்தம் மட்டும்.
சரி, உள்ளே என்ன இருக்கிறது?

பதினொரு யூரோ நாற்பது சென்ட்.

வண்டியை ஓரங்கட்டினார்.
மூக்குக்கண்ணாடியைத் தேடினார். காத்திருந்தோம்.
ஒவ்வோர் இலக்கமாய் வாசித்தார்,
அவள் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்ததுக்குப் போனார்.
காலாவதி, என்றது திரை.
இன்னொரு தரம் அனுப்பச் சொல்லுங்கள், என்றார்,
விடியும்வரை இந்தச் சாலையில் யாரும் வரப்போவதில்லை.

இரண்டாம் தரம் திறந்தது.
நன்றி சொல்லி வைக்கப் போனாள்.
ஒரு நிமிடம், என்றார் ஹான்னு,
உங்கள் பல் மருத்துவர்
வருடா வருடம் மார்ச்சில் எனக்குத்தான் சொல்லியனுப்புகிறார்,
இன்கேரி, நீங்கள் வரவேண்டிய நேரம் என்று.
நான் போவதில்லை.
ஆனால் அன்றைக்கு மட்டும்
கொஞ்சம் அதிக நேரம் தேய்ப்பேன்.